பெத்லகேமுக்கு ஒரு டவுன் பஸ்

பாளையங்கோட்டை, நாசரேத், மெஞ்ஞானபுரம் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் எண்பதுகள் வரைக்கும் கிறிஸ்துமஸ் தையல்காரர் கடையில்தான் தொடங்கும். ஒரே பீஸில் மொத்தமாகக் கிழித்து வாங்கிய துணி அங்கே போய்ச் சேரும். அண்ணன் தம்பிக்கு அதில் சட்டை, தங்கைக்கு அதிலேயே கவுன், துண்டு விழுந்தால் தலையணை உறை. அதிகாலை ஆராதனைக்கு வரிசையாகக் கோயிலுக்குள் நுழையும்போது, எந்த வீட்டுப் பிள்ளைகள் என்று முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். பூப்போட்ட அந்தச் சட்டையை மூத்தவன் மனதார வெறுத்தான். இருந்தாலும் 24-ஆம் தேதி ராத்திரி பத்து மணிக்குக் கடை வாசலில் தவம் கிடப்பவனும் அவன்தான். காஜா எடுத்தாயிற்று, பொத்தான் மட்டும்தான் பாக்கி என்று தையல்காரர் நாலாவது முறையாகச் சொல்லிக்கொண்டிருப்பார்.

இன்று அதே குடும்பத்தின் அடுத்த தலைமுறை சென்னையிலோ பெங்களூரிலோ உட்கார்ந்து நவம்பரிலேயே ஆர்டர் போட்டுவிடுகிறது. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், சில வீடுகளில் நாய்க்கும் சேர்த்து ஒரே டிசைனில் சிவப்புக் கட்டம் போட்ட பைஜாமா. நெஞ்சில் அவரவர் பெயர். மரத்தில் தொங்கும் உருண்டையிலும் பெயர், பரிசு வைக்கும் காலுறையிலும் பெயர். காசு மிச்சம் பிடிக்க ஒரே துணியில் தைத்ததற்கு முகம் சுளித்த பிள்ளைகள்தான் இப்போது காசு கொடுத்து ஒரே துணியில் நிற்கிறார்கள். போட்டோவில் எல்லாரும் சிரிக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பிள்ளைகளுக்கென்று வீட்டுக்குள் தனியாக ஒரு கிறிஸ்துமஸை உண்டாக்க வேண்டும் என்று அன்றைய அப்பா அம்மாவுக்குத் தோன்றியதே இல்லை. தோன்ற நேரமும் இல்லை. பிள்ளைகளுக்கோ அந்த மாதம் முழுக்க வேலை இருந்தது.

பெரிய வேலை நட்சத்திரம். அரையாண்டுப் பரீட்சை முடிவதற்குள்ளாகவே மூங்கில் எங்கே கிடைக்கும் என்று விசாரணை ஆரம்பித்துவிடும். பந்தல்காரரிடம் கெஞ்சி வாங்கிய ஒரு கழியைப் பிளந்து, கை கிழிக்காமல் செதுக்கிப் பிளாச்சு எடுப்பதே அரை நாள். ஐந்து பிளாச்சுகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்துக் கட்டினால் ஒரு நட்சத்திரம். அதே அளவில் இன்னொன்று. இரண்டையும் முனைகளில் மட்டும் சேர்த்து இறுக்கிக் கட்ட வேண்டும். பிறகு உள்மூலைகள் ஐந்திலும் சாண் நீளக் குச்சியை முட்டுக் கொடுத்தால், தட்டையாகக் கிடந்தது வயிறு உப்பி எழுந்து நிற்கும். இந்த இடத்தில்தான் பெரும்பாலும் ஒரு முனை படீரென்று அவிழும். யார் கட்டிய முடிச்சு என்று சண்டை வரும்.

பசைக்கு மைதாவைக் காய்ச்சுவார்கள். பூச்சி அரிக்காமல் இருக்க அதில் ஒரு சிட்டிகை மயில்துத்தம். விஷம்தான். அதைப் பத்து வயதுப் பிள்ளை விரலால் கலக்கியது என்று கேட்டால் இன்றைய தாய்மார்கள் மயங்கி விழுவார்கள். கலர் தாளை ஒட்டும்போது மூத்தவனின் அதிகாரம் உச்சத்தில் இருக்கும். “ஏல, பசை இன்னும் காயல, கைய எடுல!” உள்ளே ஒரு காலத்தில் சிமினி விளக்கு, பிறகு வயரை முறுக்கி மாட்டிய குண்டு பல்பு. விளக்குக் காலத்தில் எரிந்துபோன நட்சத்திரங்கள் ஏராளம். வேப்பமரத்து உச்சிக் கிளையில் கயிறு போட்டு இழுத்துக் கட்டிய மறுநாளே வடகிழக்குப் பருவமழை தன் கடைசித் தவணையைக் கொட்டும். தாள் பிய்ந்து எலும்புக்கூடு மட்டும் தொங்கும். இறக்கி, துடைத்து, மறுபடி ஒட்டுவார்கள். ஒரு டிசம்பரில் ஒரே நட்சத்திரம் மூன்று நிறம் மாறியதும் உண்டு, கடையில் அந்தந்த நாளில் எந்தத் தாள் இருந்ததோ அதற்கேற்ப.

நட்சத்திரத்தைப் பிள்ளைகள் கையில் கொடுப்பது நம் ஊருக்கு மட்டும் உரிய பழக்கமல்ல. ஜெர்மனியில் மொரேவியச் சபையார் நடத்திய நீஸ்கி ஊர்ப் பள்ளியில், 1830-களில், மாணவர்கள் வடிவக் கணிதப் பாடத்துக்காகக் காகிதத்தில் செய்து பார்த்ததுதான் பல முனைகள் கொண்ட ஹெர்ன்ஹூட் நட்சத்திரம். ஊழியத்துக்காகக் கடல் கடந்து போன பெற்றோரின் பிள்ளைகள் விடுதியில் தங்கி அதைச் செய்து தொங்கவிட்டார்கள். அந்தச் சபையார் 1760-லிருந்து சில பத்தாண்டுகள் நம் தரங்கம்பாடியிலும் இருந்தவர்கள். அது நட்சத்திரம் பிறப்பதற்கு முந்திய காலம் என்பதால், அவர்கள்தான் நமக்குக் கற்றுக்கொடுத்தார்கள் என்று கதை கட்ட வழியில்லை. இன்று அந்த ஜெர்மன் நட்சத்திரம் தொழிற்சாலையில் தயாராகிறது. நம் ஊர் நட்சத்திரமும் பிளாஸ்டிக்கில், எல்.இ.டி. வைத்து, மழைக்கு அசையாமல், பரணிலிருந்து இறக்கி மாட்டினால் போதும் என்று வந்துவிட்டது. மாட்டுபவர் அப்பா. பிள்ளை கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொள்ளும்.

குடில் சங்கதி இன்னும் சுவாரசியமானது. கத்தோலிக்க வீடுகளில் அது முதலில் வந்தது. பார்த்துப் பார்த்து மற்றவர்களும் கட்டத் தொடங்கினார்கள். அதன் வேர் 1223-ல் இத்தாலியின் கிரேச்சோ கிராமத்தில் பிரான்சிஸ் அசிசியார் நிஜ மாட்டையும் கழுதையையும் நிறுத்தி அமைத்த குடில். நம் ஊரில் சாக்கைச் செம்மண்ணில் முக்கி மடித்துப் போட்டால் மலை. வைக்கோல் போட்டால் தொழுவம். பத்து நாள் முன்னதாகவே தட்டில் மண் பரப்பிக் கேழ்வரகோ கடுகோ தூவி, தினமும் தண்ணீர் தெளித்து முளைக்கவிட்டால் யூதேயா தேசத்துப் புல்வெளி. உடைந்த முகக்கண்ணாடி குளமாகும். நவராத்திரிக்குக் கொலுப்படி ஓரத்தில் ‘பார்க்’ கட்டும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடமிருந்துதான் அந்தக் கண்ணாடிக் குளம் வந்தது என்று எனக்கு ஓர் ஊகம். இரண்டிலும் அதே பிளாஸ்டிக் வாத்து நீந்தும்.

பொம்மைகளுக்கு அளவு கிடையாது, காலமும் கிடையாது. மரியாளும் சூசையும் சாண் உயரம் என்றால் பின்னால் நிற்கும் இடையன் கட்டைவிரல் உயரம். வீட்டில் கிடந்த விளையாட்டுச் சாமான் எல்லாம் உள்ளே வந்துவிடும். சிவப்பு டவுன் பஸ் ஒன்று மலைப்பாதையில் பெத்லகேம் நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். மூன்று ராஜாக்களின் ஒட்டகத்துக்குப் பின்னால் ஜீப்பும், ஆடுகளுக்கு நடுவில் ஒரு புலியும் வந்து நிற்கும். புலி எப்படி ஆட்டோடு நிற்கும் என்று சித்தப்பா கேட்டால், ஏசாயா தீர்க்கதரிசி புத்தகத்தைப் படித்துப் பார் என்று ஆச்சி வாயை அடைத்துவிடுவாள். ஓநாயே ஆட்டுக்குட்டியோடு தங்கும்போது புலிக்கு மட்டும் என்ன தடை என்பது அவள் கட்சி. குழந்தை இயேசுவின் சொரூபம் மட்டும் பீரோவில் இருக்கும். 24-ஆம் தேதி நள்ளிரவுக்குப் பிறகுதான் அது தொட்டிலுக்கு வரும், அதுவரை வைக்கோல் காலி. யார் கொண்டுவந்து வைப்பது என்பதில் வருஷா வருஷம் முறை போட்டுக்கொள்வார்கள். போன வருஷம் உன் முறை, இந்த வருஷம் என் முறை என்று நோட்டில் எழுதி வைத்திருந்த வீடும் உண்டு.

இப்போது கடையில் குடில் செட் கிடைக்கிறது. எல்லா உருவமும் ஒரே அளவு, எல்லாருக்கும் ஒரே சாயம், கூரையோடு சேர்த்து ஒட்டியது. அதில் பஸ்ஸை விட இடமில்லை.

பழையதை மெச்சும்போது ஓர் ஓரத்தை மறைத்துவிடக் கூடாது. நட்சத்திரம் கட்டியதும் கேரல் ரவுண்ட்ஸில் பெட்ரோமாக்ஸ் விளக்கோடு தெருத் தெருவாகப் போனதும் பெரும்பாலும் பையன்கள். அந்த நேரத்தில் அக்காக்கள் அடுப்படியில் இருந்தார்கள். முந்திரிக்கொத்துக்குப் பயறு வறுத்து இடிப்பது, அச்சுமுறுக்கு அச்சை எண்ணெயில் உதறி உதறி எடுப்பது, விடிய விடிய அதிரசம் தட்டுவது எல்லாம் அவர்கள் பங்கு. தட்டில் பலகாரம் வைத்து, மேலே குரோஷா துணி மூடி, அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவரும் உலாவும் பையன்களுக்குத்தான். எந்த வீட்டில் தட்டைத் திருப்பும்போது நாலணா வைப்பார்கள் என்பது அவர்களுக்கு அத்துப்படி.

கேரலோடு வரும் கிறிஸ்துமஸ் தாத்தாவும் அன்று அன்பே உருவானவர் இல்லை. வயிற்றில் தலையணை, முகத்தில் கண் மட்டும் ஓட்டை விட்ட பிளாஸ்டிக் முகமூடி, கையில் கம்பு. நடுராத்திரியில் கதவைத் தட்டி மேளத்துக்கு ஆடுவார். பாதிப் பிள்ளைகள் கட்டிலுக்கு அடியில் போய்விடும். மீதி மாதங்களில் அம்மாக்கள் அந்த முகமூடியை வைத்தே சோறு ஊட்டினார்கள்: “சாப்பிடலைன்னா தாத்தாவைக் கூப்பிட்டிருவேன்.” பரிசு என்பது அவர் பையிலிருந்து அள்ளிப்போடும் ஆரஞ்சு மிட்டாய்தான். பெயர் சொல்லிக் கொடுத்ததும் கிடையாது, யார் நல்ல பிள்ளை என்று கணக்குக் கேட்டதும் கிடையாது.

பிறகு தெரு போய்விட்டது. ஒரே வளவில் பதினைந்து பிள்ளைகள் இருந்த இடத்தில் ஃப்ளாட்டுக்கு ஒருவரோ இருவரோ. அப்பாவுக்கு லீவு 24 மதியம்தான் கிடைக்கும். அம்மாவுக்கு 25 மட்டும். ஊருக்குப் போகும் ரயிலில் டிக்கெட் இல்லை. மூங்கில் கேட்கப் பந்தல்காரர் இல்லை. நூறு பேர் சேர்ந்து சுமந்த ஒரு மாதத்தை, இரண்டு பேர் ஆபீஸ் முடிந்து வந்து ராத்திரி பதினொரு மணிக்குமேல் சுமக்க வேண்டிய நிலை. வீட்டுக்கென்று சின்னச் சின்னப் பழக்கங்களை உண்டாக்கும் இன்றைய ஆர்வம் இந்த வெறுமையிலிருந்து வந்தது என்பது என் எண்ணம். மேல்நாட்டு மோகம் என்று ஒரே வார்த்தையில் தள்ளுகிறவர்கள், சனிக்கிழமை ராத்திரி கண்ணெரியப் பஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கும் ஓர் அம்மாவைப் பார்த்ததில்லை.

இந்த அம்மா அப்பாக்கள் கையில் கிடைக்கும் சாமான்களில் முதலாவது ‘எல்ஃப் ஆன் த ஷெல்ஃப்’. சிவப்புச் சட்டை போட்ட, நீளக் கால் குட்டிச்சாத்தான் பொம்மை. பிள்ளை அதற்கு ஒரு பெயர் வைக்க வேண்டும். பகலில் அது அலமாரியில் உட்கார்ந்து வீட்டைக் கவனிக்கும். ராத்திரி வடதுருவத்துக்குப் பறந்து போய் நடந்ததைத் தாத்தாவிடம் ஒப்பிக்கும். விடிந்தால் வேறோர் இடத்தில் இருக்கும். அமெரிக்காவில் கேரல் ஏபர்சோல்ட் என்ற அம்மா தன் பிள்ளைகளோடு வீட்டில் விளையாடிய விளையாட்டு இது. மகள் சாண்டா பெல்லோடு சேர்ந்து அதைக் கதையாக எழுதினார். பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. குடும்பமே 2005-ல் சொந்தமாகப் பெட்டி போட்டு விற்றது. இப்போது சென்னை ஃப்ளாட்டிலும் ஃப்ரிட்ஜ் மேல் அது கால் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

எனக்கு அதில் இரண்டு விஷயம் பிடிக்கவில்லை. ஒன்று, பிள்ளை அதைத் தொடக் கூடாது; தொட்டால் மந்திர சக்தி போய்விடும் என்பது விதி. தொடக் கூடாத பொம்மையை ஒரு பிள்ளைக்குக் கொடுப்பது என்ன விளையாட்டு? இரண்டாவது அந்த ஒற்று வேலை. முகமூடித் தாத்தா வருஷத்துக்கு ஒரு ராத்திரி பயமுறுத்திவிட்டுப் போனார். இது இருபத்துநாலு நாளும் அலமாரியில் உட்கார்ந்து பார்க்கிறது. ராத்திரி வேலை முழுக்க அம்மா அப்பாவுக்கு. இடம் மாற்ற மறந்துவிட்டால் காலையில் ஏதாவது சமாளிக்க வேண்டும். அதற்குக் காய்ச்சல், இன்றைக்கு லீவு என்று சீட்டு எழுதி வைக்கிறார்கள். உண்மையில் அந்த மறதி நாளின் சீட்டுகள்தான் நன்றாக இருக்கின்றன, பெட்டியில் இல்லாத ஒன்று என்பதால்.

வீட்டில் பிறந்த ஒன்று கடைக்குப் போய்த் திரும்பி வீட்டுக்கே வரும்போது என்ன ஆகிறது என்று பார்க்க, திருவருகைக் கால நாட்காட்டியைவிட நல்ல சாட்சி இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மன் புராட்டஸ்டன்ட் வீடுகளில் கதவில் சுண்ணக்கட்டியால் இருபத்துநாலு கோடு போட்டு, தினம் ஒன்றைப் பிள்ளைகள் அழிப்பார்கள். மௌல்பிரோன் ஊரில் கெர்ஹார்ட் லாங் என்ற பையன் எப்போது கிறிஸ்துமஸ், எப்போது கிறிஸ்துமஸ் என்று நச்சரித்ததால், அவன் அம்மா ஓர் அட்டையில் இருபத்துநாலு சின்ன பிஸ்கட்டுகளைத் தைத்துக் கொடுத்தார். நாளுக்கு ஒன்று தின்னலாம். பையன் வளர்ந்து அச்சகத் தொழிலுக்கு வந்தான். 1900-களின் தொடக்கத்தில் அம்மாவின் அட்டையை நினைத்து அச்சிட்ட நாட்காட்டியில் பிஸ்கட் இல்லை. ஒரு தாளில் இருபத்துநாலு படங்கள், இன்னொரு தாளில் இருபத்துநாலு கட்டங்கள். பிள்ளை தினம் ஒரு படத்தைக் கத்தரித்து ஒட்ட வேண்டும். பிறகு சின்னக் கதவுகள் வந்தன. திறந்து பார்த்தால் போதும். உலகப் போர்க் காலத்தில் காகிதப் பஞ்சத்தில் நின்றுபோய், 1946-ல் ஸ்டுட்கார்ட்டில் ரிச்சர்ட் செல்மர் அதை மறுபடி அச்சிட்டார். கதவுகளுக்குப் பின்னால் சாக்லேட் வந்தது. இப்போது ஒப்பனைப் பொருள் வைத்தும் விற்கிறார்கள். முதலில் கத்தரித்து ஒட்டிய பிள்ளை, பிறகு திறந்து பார்த்தது, இப்போது தின்கிறது. சாக்லேட்டைக் குறை சொல்லவில்லை, எனக்கும் பிடிக்கும்.

கடைக்கே போகாமல் ஒரு வீட்டுக்குள் இருபது வருஷத்துக்கு மேல் ஓடிய விளையாட்டும் உண்டு. 1920-ல் எழுத்தாளர் ஜே. ஆர். ஆர். டோல்கீனின் மூன்று வயது மகன் ஜானுக்கு வடதுருவத்திலிருந்து கிறிஸ்துமஸ் தாத்தாவின் கடிதம் வந்தது. தபால்தலையும் வடதுருவத்துடையது, கையால் வரைந்த அதன் விலை இரண்டு முத்தம். எழுத்து நடுநடுவே கோணியிருக்கும்: தாத்தாவுக்கு வயது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துக்கு மேல், குளிர் வேறு. நாலு பிள்ளைகளும் வளர வளர வருஷம் தவறாமல் கடிதம் வந்தது. பிறகு ஒரு வெள்ளைக் கரடி உள்ளே நுழைந்தது. உதவி செய்கிறேன் என்று வந்து எல்லாவற்றையும் போட்டு உடைப்பது அதன் தொழில். 1925-ஆம் வருஷக் கடிதத்தில் அது காற்றில் பறந்த குல்லாயை எடுக்க வடதுருவக் கம்பத்தில் ஏற, கம்பம் முறிந்து தாத்தா வீட்டுக் கூரையில் விழுந்துவிடுகிறது. கரடிக்குத் தனிக் கையெழுத்து, தடித்த பாதத்தால் எழுதியதால் கோணல் எழுத்து. தாத்தாவின் கடித ஓரத்தில் அது சொந்த அபிப்பிராயம் வேறு எழுதும். சில வருஷம் தபால்காரரே மற்றத் தபால்களோடு கொண்டுவந்து கொடுத்தார். கடைக்குட்டி பிரிஸில்லாவுக்காகப் போர்க்காலத்திலும், 1940-களின் தொடக்கம் வரை, கடிதங்கள் தொடர்ந்தன. டோல்கீன் இறந்து மூன்று வருஷம் கழித்து 1976-ல்தான் அவை புத்தகமாயின. எழுதிய மனிதர் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தி, மிச்ச நேரத்தில் பரீட்சைத்தாள் திருத்திக் காசு சேர்த்த குடும்பஸ்தர். அவருக்கும் இந்த வேலை ராத்திரிதான் நடந்திருக்கும்.

அந்தக் கரடி எனக்குப் பிடிக்கக் காரணம் அது யாரையும் கண்காணிக்கவில்லை. பிள்ளைகளைவிடப் பெரிய குறும்பு அதுதான்.

செயலியில் பிள்ளையின் பெயர், வயது, பள்ளிக்கூடம், செய்த சேட்டை ஒன்றைத் தட்டிக் கொடுத்தால், தாத்தா திரையில் வந்து பெயர் சொல்லிப் பேசும் வீடியோ இப்போது கிடைக்கிறது. முதல் முறை பிள்ளையின் கண் விரியும். இரண்டாவது முறை அது உதட்டசைவைக் கவனிக்கும். பெயரைப் போட்டுவிட்டால் தனக்கென்று ஆகிவிடாது என்பது ஆறு வயதுக்குத் தெரிகிறது.

நம் வீடுகளில் நடக்கும் நல்ல சேட்டைகளை எடுத்துப் பார்த்தால், எல்லாவற்றிலும் பிள்ளையின் கை எங்கேயாவது பட்டிருக்கிறது. பாலும் பிஸ்கட்டும் எடுத்துவைக்கும் மேல்நாட்டு வழக்கத்தைக் கேள்விப்பட்ட ஒரு வீட்டுச் சிறுமி, மார்கழிப் பனியில் தாத்தாவுக்கு நெஞ்சு கட்டிக்கொள்ளும் என்று சுக்குக் காப்பி வைக்கச் சொன்னாள். கூட இரண்டு அச்சுமுறுக்கு. மானுக்குக் கேரட் வேண்டாமாம், அகத்திக்கீரை. காலையில் டம்ளர் காலியாக இருக்க வேண்டும் என்பதால் அவள் அப்பா ராத்திரி ஒரு மணிக்கு ஆறிப்போன சுக்குக் காப்பியைக் குடிக்கிறார், வருஷா வருஷம். கீரையை என்ன செய்கிறார் என்று நான் கேட்கவில்லை.

காலித் தீப்பெட்டிகள் இருபத்துநாலை ஆறுக்கு நாலாக அடுக்கி ஒட்டி, முகப்பில் ஒவ்வொன்றுக்கும் சட்டைப் பொத்தானைத் தைத்து இழுப்பறையாக்கிய நாட்காட்டி ஒன்றைப் பார்த்தேன். உள்ளே மிட்டாய் கிடையாது. மடித்த சீட்டுகள். ‘இன்று சாப்பிடும்போது அப்பா தட்டிலிருந்து ஓர் அப்பளம் திருடு. பிடிபடக் கூடாது.’ ‘இன்று குடிலில் யாரும் எதிர்பார்க்காத ஒரு பொம்மையைச் சேர்.’ ‘எதிர் வீட்டு ஆன்ட்டிக்கு ஒரு படம் வரைந்து கதவுக்கு அடியில் தள்ளு.’ இரண்டாவது வருஷமே அந்த வீட்டுப் பையன் பேரம் பேசி, ஒற்றைப்படை நாட்களின் சீட்டுகளைத் தான் எழுதிக்கொள்வதாக வாங்கிவிட்டான். அந்த நாட்களில் பெட்டியைத் திறப்பது பெரியவர்கள். ‘அம்மா இன்று லேப்டாப்பை எட்டு மணிக்கு மூட வேண்டும்’ என்ற சீட்டு அடிக்கடி வருகிறதாம்.

தமிழ்நாட்டுக் கல்லூரி விடுதிகளிலும் ஐ.டி. அலுவலகங்களிலும் ‘கிறிஸ் மாம், கிறிஸ் சைல்ட்’ விளையாடாத டிசம்பர் இல்லை. சீட்டுப் போட்டு எடுத்து, யார் யாருக்கு மாம் என்பது ரகசியம். மாம் தன் சைல்டுக்குத் தினம் ஒரு டாஸ்க் அனுப்பும், கடைசி நாளில் பரிசோடு தன்னை வெளிப்படுத்தும். வெளிநாட்டு ‘சீக்ரெட் சான்டா’வில் பரிசு மட்டும்தான், நம் ஆட்கள் அதில் டாஸ்க்கைப் புகுத்தி உயிர் கொடுத்தார்கள். அந்தக் கல்லூரிக் காலத்தவர்கள் பெற்றோரானதும் விளையாட்டு வீட்டுக்குள் வந்துவிட்டது. தாத்தா பாட்டியோடு ஆறு பேர் உள்ள வீட்டில் ஏழு வயதுப் பேத்திக்குச் சீட்டில் தாத்தா விழுந்தார். ‘இன்று தாத்தா யாருக்கும் அட்வைஸ் பண்ணக் கூடாது. பண்ணினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு தோப்புக்கரணம்.’ ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் அவர். மதியத்துக்குள் முட்டி வலி.

சென்னை அபார்ட்மென்ட் ஒன்றில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஆறு வயதுப் பெண் ஒருத்திக்குச் சந்தேகம்: நம் வீட்டில் புகைபோக்கி இல்லை, கேட்டில் வாட்ச்மேன் இருக்கிறார், தாத்தா எப்படி உள்ளே வருவார்? அம்மா அப்பாவிடம் கேட்கவில்லை. தானே ஒரு சீட்டு எழுதி வாட்ச்மேனிடம் கொடுத்தாள். “அண்ணா, இன்னிக்கு ராத்திரி கிறிஸ்துமஸ் தாத்தா வருவார். லிஃப்ட் போட்டு விடுங்க. ரொம்ப கேள்வி கேக்காதீங்க.” வாட்ச்மேன் விழுப்புரம் பக்கத்துக்காரர், அவர் வீட்டில் கிறிஸ்துமஸ் கொண்டாடுவதில்லை. வேலையில் கறாரானவர். கேள்வி கேட்காமல் விட்டால் அசோசியேஷன் செகரெட்டரி சும்மா விடுவாரா?

மறுநாள் விடிந்ததும் அவள் கீழே ஓடினாள். அவர் வருகையாளர் ரெஜிஸ்டரைத் திறந்து காட்டினார். பெயர்: கிறிஸ்துமஸ் தாத்தா. எங்கிருந்து: வடதுருவம். யாரைப் பார்க்க: பி பிளாக், மூன்றாவது மாடி. வாகன எண்: மான் 8. உள்ளே வந்த நேரம்: 2.10. எதிரே கோணல்மாணலாக ஒரு கையெழுத்து. அவள் விரலை வைத்து ஒவ்வொரு கட்டமாகப் படித்துக்கொண்டே வந்து கடைசிக் கட்டத்தில் நின்றாள். வெளியே போன நேரம் காலி.

தாத்தா இன்னும் கிளம்பவில்லை. வாட்ச்மேனுக்கே அது அப்போதுதான் உறைத்தது. அவர் பேனாவை எடுப்பதற்குள் அவள் மாடிக்குப் பறந்துவிட்டாள். மூன்று பிளாக்கிலும் கதவு தட்டப்பட்டது. தீபாவளிக்குப் பட்டாசு வெடித்த பிள்ளைகளும் ரம்ஜானுக்குப் பிரியாணி கொண்டுவந்த பிள்ளைகளும் பல் தேய்க்காமல் இறங்கி வந்தார்கள். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், ஜெனரேட்டர் அறையில், கார் நிறுத்தும் இடத்தில் எல்லாக் கார்களுக்கும் அடியில் என்று மதியம் வரை தேடுதல் நடந்தது. யாரோ ஒருவர் வீட்டுக் கொடியில் காய்ந்த சிவப்புத் துண்டைத் தடயம் என்று பறிமுதல் செய்தார்கள். அந்தத் துண்டுக்காரர் இன்னும் அதைத் திரும்பப் பெறவில்லை.

அடுத்த வருஷம் 25-ஆம் தேதி காலை எட்டு மணிக்குப் பிள்ளைகள் கேட்டில் வரிசையில் நின்றார்கள். ரெஜிஸ்டரில் அந்தக் கட்டம் மறுபடி காலியாகத்தான் இருக்க வேண்டும் என்று செகரெட்டரியே வாட்ச்மேனுக்கு முந்தின நாள் உத்தரவு போட்டிருந்தார். தடயங்களுக்குப் பொறுப்பு ஏ பிளாக், தேடி முடித்தவர்களுக்கு இட்லி பி பிளாக்.

இந்த வருஷம் ஒரு சிக்கல். ரெஜிஸ்டரை எடுத்துவிட்டுச் செல்போன் செயலி வைத்துவிட்டார்கள். வருகிறவர் போனுக்கு ஓ.டி.பி. போனால்தான் கேட் திறக்கும். வடதுருவத்து நம்பரை எப்படிச் சேர்ப்பது என்று பிள்ளைகள் கையெழுத்திட்ட மனு ஒன்று அசோசியேஷன் கூட்டத்துக்கு வந்திருக்கிறது. தாத்தாவுக்கு மட்டும் பழைய ரெஜிஸ்டரை வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு கட்சி. தாத்தாவானாலும் விதி விதிதான், போன் வாங்கிக்கொள்ளட்டும் என்று பொருளாளர்.